கடத்தல் த்ரில்லர், கம்மி பட்ஜெட்: ராம்நாடு கரையில எங்க ஷூட் பண்றது?

அடிக்கடி வர்ற கேள்வி இது. கதை ரெடி, கஞ்சா இல்லன்னா ஐஸ்னு சொல்ற மெத் போதைப்பொருள் கடத்தல், ஹீரோ படகு ஓட்டுறவன், தயாரிப்பாளர் ஃப்ரெண்டோட மாமா, கையில 30, 40 லட்சம், ராமநாதபுரம் கரையிலதான் எடுக்கணும், தனுஷ்கோடியா பாம்பனா கீழக்கரையா தொண்டியா, ஒண்ணு சொல்லுங்கண்ணே. நான் ராம்நாடு ஆளு, இந்தப் பக்கம் வர்ற சின்னப் படங்களுக்கு லொகேஷன் பாத்துக் குடுக்குற வேலையும் உண்டு, அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்றத விட மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

கேக்குற முக்கால்வாசிப் பேரு போட்டோவ பாத்து இடத்த முடிவு பண்ணிட்டுதான் கேக்குறாங்க. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. கடத்தல் கதைன்னா அது ராத்திரி கதை. சரக்கு இறங்குறது, கைமாறுறது, துரத்துறது எல்லாமே இருட்டுலதான், ஸ்கிரிப்ட எடுத்து எண்ணிப் பாருங்க, பாதிக்கு மேல நைட் சீனாதான் இருக்கும். அப்ப எந்த இடம் அழகுன்றது ரெண்டாவது. எந்த இடம் உங்களுக்கு விடியவிடிய இருட்டக் குடுக்கும்றதுதான் முதல் கேள்வி.

## எத வச்சுப் பாக்குறது

நான் பாக்குறது இதெல்லாம், இந்த வரிசையிலதான்.

முதல்ல ராத்திரி. சாயங்காலத்துக்கு அப்புறம் லைட்டு, ஜெனரேட்டரோட அங்க நிக்க விடுவாங்களா.

ரெண்டாவது அனுமதி, அதாவது எத்தன ஆபீஸ் படி ஏறணும். இந்தக் கரையில போலீஸ், கலெக்டர் ஆபீஸோட முடியாது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை, ரயில்வே, நெடுஞ்சாலைன்னு இடத்துக்கு இடம் கூடும். ஒவ்வொரு ஆபீஸும் சில நாள், அந்தச் சில நாளும் உங்க மேனேஜருக்கு சம்பளம், பேட்டா, லாட்ஜ் வாடகை.

மூணாவது கடல். நமக்கு ரெண்டு கடல் இருக்கு, வெளியூர்க்காரங்க இத மறந்துடுறாங்க. வடக்கால இருக்குறது பாக் நீரிணைப் பக்கம், ஆழம் கம்மி, அடங்கின கடல், பெண்கடல்னு சொல்வாங்க. தெக்கால இருக்குறது மன்னார் வளைகுடா, ஆண்கடல், அலை உண்டு. மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிறப்ப தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் சும்மா கிடக்கும். அக்டோபருக்கு மேல வாடைக்காத்து வந்துட்டா கத தலைகீழ். எந்த மாசம் ஷூட்டிங்னு தெரியாம எந்த இடம்னு சொல்லவே முடியாது.

நாலாவது சோறு, படுக்கை, வண்டி. அஞ்சாவது ஊரு. ஊருன்னா மீனவர் சங்கம், ஜமாஅத், பங்குச்சாமியார், சம்மாட்டிகள்னு சொல்ற படகு முதலாளிங்க, இவங்க சம்மதம். கையில எத்தன ஆர்டர் வச்சிருந்தாலும் இவங்க முகத்தச் சுளிச்சா ஒரு படகு கூட நகராது. ஃப்ரேம் அழகு கடைசிதான்.

| | தனுஷ்கோடி | பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் | கீழக்கரை முதல் வாலிநோக்கம், மூக்கையூர் | தேவிபட்டினம் முதல் தொண்டி |
|---|---|---|---|---|
| ராத்திரி ஷூட் | ரொம்பக் கஷ்டம் | தெருவுல, ஜெட்டியில சரி. பாலத்துல இல்ல | நல்லா கிடைக்கும் | கிடைக்கும் |
| அனுமதி | அதிகம் | அதிகம் | கரையில கம்மி, தீவுப் பக்கம் அதிகம் | கம்மி. அலையாத்திக் காட்டுக்கு மட்டும் வனத்துறை |
| கடல் அடங்குற காலம் | பிப்ரவரி, மார்ச் | ரெண்டு பக்கமும் கடல், மாத்திக்கலாம் | ஜனவரி முதல் ஏப்ரல் | பிப்ரவரி முதல் செப்டம்பர் |
| தங்க, சாப்பிட | ராமேஸ்வரத்துல இருந்து தினம் போய் வரணும் | தாராளம், திருவிழா நாள் தவிர | கீழக்கரை, ஏர்வாடியில உண்டு | சுமார், ராம்நாடு டவுனே மேல் |
| ஒளிஞ்சிருக்குற செலவு | கால்ஷீட்டு வீணாகுறது, மணல் | கூட்டத்த அடக்குறது, லாட்ஜ் ரேட்டு | ஜெனரேட்டர், வண்டி வாடகை | சேறு, நேரம் |

## தனுஷ்கோடி

எல்லாருக்கும் இதுமேலதான் கண்ணு. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊரு, இடிஞ்ச சர்ச்சு, ரெண்டு பக்கமும் கடல், 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததுக்கப்புறம் கார்லயே போய் இறங்கிடலாம், அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடத்தல் கதைக்கு இதவிட என்ன வேணும்னு தோணும். தோணுறது நியாயம்தான்.

ஆனா டூரிஸ்ட்ட சாயங்காலமே போலீஸ் வெளியேத்திடும், இருட்டினதுக்கப்புறம் அந்த ரோட்டுல வெளியாளுக்கு வேலையே இல்லன்றதுதான் நடைமுறை. எல்லைக்கு இவ்ளோ பக்கத்துல, ராத்திரி லைட்டு போட்டு, முகத்துல துண்டு கட்டின நாலு பேரு படகுல இருந்து மூட்டை இறக்குற மாதிரி எடுக்கணும்னு மனு குடுத்தா படிக்கிற அதிகாரி என்ன நெனப்பாருன்னு நீங்களே யோசிங்க. பெரிய கம்பெனி பல மாசம் அலைஞ்சு வாங்கலாம். உங்களால அந்த அளவுக்குக் காத்திருக்க முடியாது. இதுல வனத்துறை வேற, அந்தப் பக்கம் 2025ல பூநாரை சரணாலயம்னு அறிவிச்சாச்சு, தீடைகள்னு சொல்ற கடல் மணல்திட்டுகள் பக்கம் போறதெல்லாம் கனவுலயும் வேணாம்.

அப்பறம் பகல்ல போனா மட்டும் சும்மாவா. பத்து மணிக்கு மேல வேனும் பஸ்ஸுமா ஜனம் வந்து இறங்கிடும், சர்ச்சு முன்னாடி செல்ஃபி எடுக்குறவங்களத் தவிர்த்து ஃப்ரேம் வைக்கவே முடியாது. அதிகாலை வெளிச்சம் வந்ததுல இருந்து ஒரு ரெண்டு, ரெண்டரை மணி நேரம், அதுதான் உங்களோட நேரம். மிச்ச நேரத்துக்கும் யூனிட்டுக்கு முழு சம்பளம் ஓடிட்டுத்தான் இருக்கும். காத்துல பறக்குற மணலு லென்ஸ் மவுண்ட்டுக்குள்ள, ஜிம்பல் மோட்டாருக்குள்ள போயிடும், வாடகைக்கு எடுத்த சாமான்ல உப்பும் மணலும் ஏறிடுச்சுன்னா டெபாசிட்டுல கை வச்சிடுவாங்க. லைவ் சவுண்டும் அங்க நடக்காது, மைக்குல காத்துதான் விழும், டப்பிங்குன்னு முடிவு பண்ணிட்டே போங்க.

எப்ப சரி வரும்னா, கதையில பகல் சீன் ஒண்ணு ரெண்டுக்கு, ஹீரோ அந்தப் பக்கக் கடலப் பாத்துட்டு நிக்கிறான்ற மாதிரி, குட்டி யூனிட்டு, ஒரு கேமரா, நடிக்கிறவங்க ரெண்டு பேரு. ஒரு நாள் காலை. அதுக்கு மேல தனுஷ்கோடிக்குக் காசு போடாதீங்க.

## பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம்

இங்க உங்களுக்குக் கிடைக்கிறது ஆளும் படகும். ராமேஸ்வரம் ஜெட்டியில வரிசையா நிக்கிற விசைப்படகு, ஐஸ் கம்பெனி, வலை பின்னுற ஆளுங்க, தங்கச்சிமடத்துத் தெருக்கள், இதையெல்லாம் செட்டு போட்டு எடுக்குறதுன்னா உங்க மொத்த பட்ஜெட்டும் பத்தாது, இங்க சும்மா நிக்குது. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு மொத்தமும் கரையில கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிக்கிறது, பலகை மாத்துறதுன்னு வேலை நடக்கும். ஜெட்டி சீன், வேலையில்லாம இருக்குற ஹீரோ காசுக்கு ஆசப்பட்டு சரக்குக்கு ஒத்துக்கிற சீன், இதெல்லாம் அந்த ரெண்டு மாசத்துல எடுத்தா கதைக்கே ஒரு நெஜம் வந்துடும். ஆனா அந்த நாள்ல விசைப்படக கடலுக்குள்ள கொண்டுபோக முடியாது, கடல் சீனுக்கு நாட்டுப்படகு, வல்லம்தான். அதுவும் நல்லதுதான், சின்னப் படகுல தான் பயம் தெரியும்.

பாலத்த மட்டும் மறந்துடுங்க. ரோட்டுப் பாலம் 1988ல திறந்தது, இன்னிக்கு அது தேசிய நெடுஞ்சாலை, அதுல வண்டிய நிறுத்தி சண்ட எடுக்கணும்னா ராமேஸ்வரம் போற வர்ற மொத்த டிராஃபிக்கும் உங்க முதுகுக்குப் பின்னாடி ஆரன் அடிக்கும். ரயில் பாலம் ரயில்வே சொத்து. தூக்குற மாதிரி கட்டின புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, அதுமேல ரயில் ஓடுற ஷாட்டு ஃப்ரேமுக்குள்ள வந்துட்டா உங்க கதை அதுக்கப்புறம் நடக்குற கதைன்னு ஆயிடும், 2010ல நடக்குறதுன்னு டைட்டில் போட்டுட்டு இத வச்சீங்கன்னா எங்க ஊர் பசங்க தியேட்டர்லயே சிரிப்பாங்க.

ட்ரோன் விஷயமும் இங்கதான் பெருசு. உச்சிப்புளியில கடற்படையோட விமானத்தளம் ஐஎன்எஸ் பருந்து, மண்டபத்துல கடலோரக் காவல்படை. 250 கிராம் குட்டி ட்ரோன்தானே, ஒரு ஷாட்டு தூக்கிட்டு இறக்கிடலாம்னு யாராச்சும் சொன்னா அந்த ஆள முதல்ல ஊருக்கு அனுப்பிடுங்க. ட்ரோன் எங்க பறக்கலாம்னு கலர் போட்டுக் காட்டுற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல அந்த இடம் எந்த கலர்ல இருக்குன்னு பாக்காம பெட்டியவே திறக்காதீங்க.

லாட்ஜ் செலவு நாளப் பொறுத்தது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, சிவராத்திரி, லீவு நாள் எல்லாம் ராமேஸ்வரத்துல ரூம் கிடைச்சாலே பெருசு, ரேட்டு பல மடங்கு. பஞ்சாங்கத்தப் பாக்காம ஷெட்யூல் போடுற மேனேஜர் இந்த ஊருக்கு ஆகாது.

மத்தபடி கதை மீனவக் குடும்பத்துக்குள்ள நடக்குது, அம்மா தங்கச்சி கடன் சம்மாட்டின்னு போகுதுன்னா இதுதான் சரியான இடம். ஆனா ஒண்ணு, இங்க ஜனங்க ஏற்கனவே நொந்து போயிருக்காங்க. மீன் பிடிக்கப் போன ஆளுங்கள இலங்கைக் கடற்படை பிடிக்குது, படகு போயிடுது, இதுல கடல்ல போறவன் எல்லாம் கடத்தல்காரன்னு ஒரு படம் வந்தா யாருக்குத்தான் கோவம் வராது. கதையச் சொல்லிட்டுப் பர்மிஷன் கேளுங்க. மறச்சு வாங்கினா அஞ்சாம் நாள் தெரிஞ்சுடும், ஆறாம் நாள் ஷூட்டிங் இருக்காது.

## கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்

என்னக் கேட்டா கடத்தல் படத்துக்கு இந்தப் பக்கம்தான். ஏன்னா இருட்டு. ஏர்வாடிக்குத் தெக்கால, வாலிநோக்கம் தாண்டி சாயல்குடி வரைக்கும் சீமைக்கருவேலங்காடு, உப்பளம், பனங்காடு, நடுநடுவுல குக்கிராமம், ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆள் நடமாட்டமே கிடையாது. டூரிஸ்ட் இல்ல. ஊர்க்காரங்ககிட்டயும் அந்தந்த ஸ்டேஷன்லயும் முறையா சொல்லிட்டா விடியவிடிய எடுக்கலாம். பட்டா நிலம், தனியார் உப்பளம், தோப்புன்னு பேசி வாங்கிட்டா அனுமதிச் சிக்கல் பாதியாக் கொறஞ்சுடும்.

உப்பளத்துக்கு ஒரு விசேஷம் இருக்கு. வெள்ளைத் தரை, சின்ன எல்இடி பேனல் ரெண்டு வச்சாலே வெளிச்சம் திரும்பி மூஞ்சிக்கு வரும், நிலா வெளிச்சத்துல ஹீரோ மூட்டையோட ஓடுறத மலிவா எடுத்துடலாம். வாலிநோக்கம் மாரியூர் பக்கம் இருக்குறது தமிழ்நாடு உப்புக் கழகத்தோட உப்பளம், அது அரசாங்கத்துது, அங்க எழுதிக் குடுத்துதான் வாங்கணும், தனியார் பாத்தி வேற இடத்துல இருக்கு. ஏப்ரல், மே உப்பு விளையுற சீசன், வேலை மும்முரமா நடக்கும், யாரோட பாத்தியையும் மிதிக்காம எடுக்கணும். பாத்தி வரப்ப ஒருத்தன் மிதிச்சு ஒடச்சாலும் நஷ்டஈடு உங்க தலையில.

கிழக்குக் கடற்கரைச் சாலை இது வழியாத்தான் தூத்துக்குடிக்குப் போகுது, ராத்திரி லாரி, கன்டெய்னர் ஓடும், துரத்துற சீனுக்கு மெயின் ரோட்ட அடைக்க வேணாம், உள்ளுக்குள்ள கருவேலங்காட்டு மண் ரோடு எத்தனையோ கிடக்கு. மூக்கையூர்ல மீன்பிடித் துறைமுகம் இருக்கு, ராமேஸ்வரம் அளவுக்குக் கூட்டம் கிடையாது.

கீழக்கரை டவுனு வேற ருசி. குறுகலான தெரு, உயரமான சுவரு, பழைய வீடுகள், வெளிநாட்டுக் காசுல கட்டின புது வீடுகள் பக்கத்துலயே. ஹவாலா, தங்கம், பாஸ்போர்ட்டுன்னு பணத்தோட பாதையச் சொல்ற கதைன்னா இங்க ஃப்ரேம் தானா பேசும். ஆனா வில்லனுக்குத் தொப்பி மாட்டிவிட்டு பள்ளிவாசல் மினாரா பின்னாடி தெரியிற மாதிரி ஷாட்டு வைக்கிற ஐடியா இருந்தா தயவுசெஞ்சு இந்தப் பக்கமே வராதீங்க. அது சோம்பேறித்தனமான எழுத்து, ஊர்ல கதவு மூடிக்கும், மூடுறதுதான் சரி. நல்ல கதையோட போய் ஜமாஅத்துல உக்காந்து பேசினா வீட்டுத் திண்ணையே கிடைக்கும், தொதல்னு ஒரு இனிப்பும் டீயும் வேற வரும்.

இப்ப செலவு. கரன்ட் எடுக்க இடம் கிடையாது, ஜெனரேட்டரும் டீசலும் ராம்நாடுல இருந்தோ மதுரையில இருந்தோ வரணும். சத்தமில்லாத ஜெனரேட்டருக்கு வாடகை கூட. வாலிநோக்கத்துல யூனிட்டு தங்குற அளவுக்கு லாட்ஜ் எதிர்பாக்காதீங்க, கீழக்கரையிலயோ ஏர்வாடியிலயோ தங்கிட்டு தினம் வண்டியில வரணும், ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு நாள்ல அங்கயும் ரூம் கிடைக்காது. கருவேல முள்ளு டயரையும் காலையும் பதம் பாக்கும், ஸ்டெப்னி ரெண்டு வச்சுக்கங்க, லைட்மேன் பசங்க செருப்போட வந்தா ஷூ வாங்கிக் குடுத்துட்டு வேலைய ஆரம்பிங்க. பாம்பும் உண்டு, ராத்திரி வேலைன்னா பக்கத்துல எந்த ஆஸ்பத்திரின்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுடணும்.

கரைய விட்டுக் கடலுக்குள்ள போனா கணக்கு மாறும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986ல அறிவிச்சது, 21 தீவு, கரையில இருந்து பாத்தா கைக்கெட்டுற தூரம்தான். அதுல வனத்துறை அனுமதி இல்லாம கால் வச்சா படம் எடுக்க வந்தவங்க மேலயே கேஸ் ஆகும். கதையில தீவுல சரக்கு பதுக்குற சீன் இருந்தா கரையிலயே ஒரு மணல்மேட்டப் பாத்து தீவுன்னு சொல்லிக்கங்க, யாருக்கும் தெரியாது.

கச்சான் காலத்துல மட்டும் வராதீங்க. ஜூன், ஜூலையில தென்கடல்ல படகுல கேமரா வச்சு எடுக்குறது பணத்தோட உயிரையும் சேத்து வைக்கிற பந்தயம்.

## தேவிபட்டினம், காரங்காடு, தொண்டி

இது யாரும் யோசிக்காத பக்கம். அழகுன்னு பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், அலையே கிடையாது, சேத்து வாடை, கடலா கண்மாயான்னு சந்தேகம் வரும். ஆனா நடுக்கடல் சீன் எடுக்கத் தெரிஞ்சவன் இங்கதான் வருவான். கரையில இருந்து ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணிதான். கரையோட வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருக்குற மாதிரி கேமராவத் திருப்பி வச்சா ராத்திரியில அது நடுக்கடல். கேமராமேன் தண்ணியிலயே நின்னு எடுக்கலாம், ரெண்டு படகு பக்கத்துல பக்கத்துல வந்து சரக்கு மாத்துற சீன தென்கடல்ல எடுத்தா ஒரு ராத்திரி முழுக்கப் போயிடும், இங்க அதோட பாதி நேரத்துல முடிஞ்சுடும்.

லைஃப் ஜாக்கெட் இங்கயும் கட்டாயம், ஆழம் கம்மின்னு விட்டுடாதீங்க. கீழ சேறும் கடல்பாசியுமா இருக்கும், திருக்கை மிதிபடும், சொறிமீன் (ஜெல்லி மீன்) வந்த நாள்ல உடம்பெல்லாம் தடிச்சுடும், நடிகர தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி ஊர் ஆளு ஒருத்தர இறக்கிப் பாருங்க. தண்ணி வத்துறது ஏறுறதையும் அவங்ககிட்டயே கேட்டுக்கங்க, வத்திட்டா படகு தரை தட்டி நின்னுடும், அடுத்து தண்ணி ஏறுற வரைக்கும் மொத்த யூனிட்டும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்கும்.

காரங்காட்டுல அலையாத்திக் காடு இருக்கு, வனத்துறை படகு சவாரி நடத்துது, பகல் சீனுக்கு அருமையான இடம், ராத்திரி கேக்காதீங்க. தேவிபட்டினத்துல கடலுக்குள்ள இருக்குற நவக்கிரகக் கோயில், நவபாஷாணம் பக்கம் பரிகாரத்துக்கு ஜனம் வந்துட்டே இருக்கும், அங்க மூட்டையும் துப்பாக்கியுமா நிக்காம தள்ளிப் போயிடுங்க.

## எங்க போனாலும் இது உண்டு

டம்மி மூட்டை, டம்மி துப்பாக்கி, போலீஸ் யூனிஃபார்ம், மூணையும் பத்தி அந்த ஸ்டேஷன்லயும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துலயும் எழுத்துலயே சொல்லி சீல் வாங்கிடுங்க. இங்க கரையில சந்தேகமா எதப் பாத்தாலும் 1093க்குப் போன் போடுன்னு ஊர் ஊரா சொல்லி வச்சிருக்காங்க, ராத்திரி ஒரு மணிக்கு நீங்க மூட்டை இறக்குறதப் பாத்து ஒரு பெரியவர் போன் போட்டா அவரு பண்ணது சரிதான். கிழிஞ்சு போன டம்மி பொட்டலத்தக் கரையில விட்டுட்டுக் கிளம்பிடாதீங்க, எண்ணி எடுத்துட்டுப் போங்க.

படகு நம்பரும் அப்படித்தான். நம்ம மாவட்ட விசைப்படகு நம்பர் ஐஎன்டி டிஎன் 10னு ஆரம்பிக்கும், நெஜப் படகோட நம்பர் அப்படியே ஸ்கிரீன்ல வந்தா நாளைக்கு அந்த சம்மாட்டிக்குத்தான் தொல்லை, ஸ்டிக்கர் ஒட்டி மாத்திடுங்க.

ஸ்கிரிப்ட்ல ஒண்ணு மட்டும், இடத்தோட சம்பந்தமில்லன்னாலும் சொல்லிடுறேன். கஞ்சா 20 கிலோவத் தாண்டிட்டாலே சட்டத்துல அது வணிக அளவு, தண்டனை 10 வருஷத்துல இருந்து 20 வருஷம், ஜாமீன் லேசுல கிடைக்காது. அம்பது கிலோவோட பிடிபட்ட ஹீரோ அடுத்த சீன்ல வக்கீலோட சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தா மத்த ஊர்ல ஓடலாம், எங்க ஊர்ல ஓடாது.

## கதைய வச்சு முடிவு

ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஷூட்டிங், கதை தரையில நடக்குற துரத்தல், பதுக்கல், துரோகம்னா வாலிநோக்கம் பக்கம் கேம்ப் போடுங்க, யோசிக்கவே வேணாம். குடும்பக் கதைக்குள்ள கடத்தல் நுழையுதுன்னா தங்கச்சிமடம், தடைக்காலத்துல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் நடிகர் தேதி கிடைக்குதுன்னா தொண்டிப் பக்கம் போங்க, தென்கடலத் தொடாதீங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, வாடை, புயல், பேசாம எடிட்டிங்ல உக்காந்துக்கங்க.

எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாமேன்னு அடுத்த கேள்வி வரும். தொண்டிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல ராம்நாடு டவுனு, அங்க ரூம் போட்டுட்டு ரெண்டு பக்கமும் போய் வரலாம்தான். ஆனா ஜெனரேட்டர், லைட்டு வண்டி, ஆளுங்கள்னு மாத்துற ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரி போயிடும். அதனால ரெண்டு இடத்துக்கு மேல வேணாம், தரை சீன் எல்லாத்தையும் வாலிநோக்கம் பக்கம் முடிச்சுட்டு, கடல் சீன மட்டும் கடைசியா தொண்டியில வச்சுக்கங்க. கடல் சீனுக்கு உப்புத்தண்ணி படுற கேமராவ முதல் வாரமே எடுத்துட்டுப் போய் கெடுத்துக்கிட்டா மிச்சப் படத்துக்கு கேமரா யாரு குடுப்பா.